விசாரிக்க வந்தவர்கள்

எங்கள் ஊரில் ஒரு கலியாணம் ஒப்பேற வேண்டுமென்றால் சாதகம் பார்க்க ஒரு சாத்திரியாரும் பொய் சொல்ல ஆறேழு வீடும் வேண்டும். கோபத்தில் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போங்கள். அந்த ஆறேழு வீடுகளில் ஒன்று என்னுடையது.

சாதகம் பொருந்தியதும் பெண் பகுதியார் மாப்பிள்ளையின் ஊருக்கு யாரையாவது அனுப்பி விசாரிப்பார்கள். வந்தவர் பக்கத்து வீட்டுப் படலையில் சைக்கிளைச் சாத்துவார். குடிக்கத் தண்ணீர் கேட்பார். மழை வருமா வராதா என்று கதைப்பார். பிறகு தற்செயலாக ஞாபகம் வந்தவர் போல, "உந்த வீட்டுப் பெடியன் எப்பிடி?" என்பார். "நல்ல பெடியன், குடி வெறி ஒண்டுமில்லை" என்று நாங்கள் சொல்வோம். அவன் நேற்று ஒழுங்கையில் விழுந்து கிடந்திருந்தாலும் அப்படித்தான் சொல்வோம். ஏனென்றால் கலியாணம் குழப்பினவள் என்ற பெயர் ஒருமுறை ஒட்டினால் செத்தாலும் கழுவுப்படாது. தலையை வெட்டினவனைக்கூட எங்கள் சனம் ஐந்து வருடத்தில் செத்தவீட்டுப் பந்தலில் இருத்திக் கதைக்கும். கலியாணம் குழப்பினவளின் வாசலை மிதிக்காது.

பண்டத்தரிப்பில் என் சீதன வீடு. வீட்டுக்குப் பின்னால் எட்டுப் பரப்புத் தோட்டம். என் கணவர் வெங்காயமும் மிளகாயும் வைத்தார், நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் தண்ணீர் பங்குக் கிணற்றிலிருந்து. கிணற்றில் எங்களுக்கு அரைப் பங்கு உண்டு என்று காணி உறுதியில் வடிவாக எழுதியிருக்கிறது. ஆனால் கிணறு இருந்தது பக்கத்து வீட்டுக் காணிக்குள். அவர்களுடைய முற்றத்தால் போய்த்தான் நாங்கள் அள்ள வேண்டும், அவர்களுடைய வேலிக்குக் கீழாலேதான் எங்கள் வாய்க்கால் வரவேண்டும்.

பக்கத்து வீட்டில் இரண்டே பேர். கணவனை இழந்த ஒரு அம்மா, நான் மாமி என்று கூப்பிடுவேன். மற்றது அவருடைய ஒரே மகன். மகனுக்கு முப்பது வயது, கூப்பனுக்குச் சாமான் கொடுக்கிற சங்கக்கடையில் நிறுவைக்கு நின்றார். வெளியே பார்த்தால் தங்கம். ரீச்சர், ரீச்சர் என்று மரியாதையாகக் கதைப்பார். சண்டையால் மின்சாரம் நின்றுபோன காலம் அது. விளக்குக்கும் மண்ணெண்ணெய், தோட்டம் இறைக்கிற மிசினுக்கும் மண்ணெண்ணெய், அந்த மண்ணெண்ணெயை அளந்து ஊற்றுகிற கை அவருடையது. ஊரில் யாருக்கு அவர் நல்லவராக இல்லாமல் போவார்?

அந்தக் கை வீட்டுக்குள் தாய்க்கு அடித்தது. கிடுகு வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்கு அது வருடக் கணக்காகத் தெரியும். சேட்டுக்கு நீலம் போட மறந்தால் அடி. குழம்பில் புளி கூடினால் அடி. அவர் உரத்துக் கத்துகிறவர் அல்ல, அதனால் ஒழுங்கைக்குக் கேட்காது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பால் அடித்ததில் மாமியின் வலது கை முறிந்தது. மகன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். என் கணவர்தான் மாமியைக் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு பரியாரியார் வீட்டுக்குப் போனார், நான் பின்னால் நடந்தேன். பரியாரியார் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எப்பிடி நடந்தது?" என்று கேட்டார். மாமி, "மாட்டுக் கயிறு தடக்கி விழுந்திட்டன்" என்றார். பரியாரியார் என்னைப் பார்த்தார். நான், "ஓம்" என்றேன். மாமி வீட்டில் மாடே இல்லை என்பது பரியாரியாருக்கும் தெரியும். அவர் பத்துப் போட்டுக் கட்டினார்.

கட்டு அவிழ்க்க முன்னமே மகனுக்குக் கலியாணப் பேச்சு வந்தது. பெண் இணுவில். மாமி படலையில் வந்து நின்று, கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு சொன்னார்:

"பிள்ளை, விசாரிக்க ஆரும் வருவினம். நல்லதாச் சொல்லிவிடு. கலியாணம் கட்டினால் திருந்தீடுவான்."

"சரி மாமி" என்றேன். வேறு என்ன சொல்ல? அன்று காலையில்தான் எங்கள் மிசின் அவர்கள் கிணற்றடியில் நின்று இறைத்தது. வெங்காயம் அப்போதுதான் பிடித்து வருகிற பருவம், மூன்று நாளைக்கு ஒரு தண்ணீர் தப்பினால் போச்சு.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். அந்த வருடங்களைப் பற்றிக் கதைக்கிறபோது எங்கள் ஆட்கள் எல்லோரும், "வாய் திறக்க ஏலாத காலம்" என்கிறார்கள். மெய்தான். துவக்கு இருந்தது, எல்லாப் பக்கமும் இருந்தது. வாசிகசாலையில் பேப்பரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவர்கள்கூடத் தலைப்பைச் சத்தமாக வாசிக்கமாட்டார்கள். ஆனால் நாங்கள் வாயை மூடப் பழகினது துவக்கைக் கண்ட பிறகுதான் என்று என்னிடம் யாரும் கதைவிட வேண்டாம். எங்கள் பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் அதிபர் என்ன சொன்னாலும் எட்டுத் தலையும் ஆடும். பின்னேரம் சைக்கிளில் திரும்பும்போது எட்டு வாயும் அவரைக் கிழிக்கும். பிள்ளைகளுக்கு விவாதப் போட்டி வைப்போம், இரண்டு பக்கத்துப் பேச்சையும் நானே எழுதிக் கொடுப்பேன், அதுகள் பாடமாக்கிக்கொண்டு வந்து ஒன்றையொன்று மறுக்கும். நானும் புள்ளி போடுவேன். துவக்கு வருவதற்கு முன்னமே நாங்கள் ஆயத்தமாகத்தான் இருந்தோம்.

இணுவிலில் இருந்து வந்தது ஒரு பெண். பெண்ணின் அக்கா. தகப்பன் இல்லை, ஒரே தமையன் கனடாவில், அனுப்ப வேறு ஆள் இல்லாமல் அவளே சைக்கிளில் வந்திருந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். சங்கானைக்கு இப்பால் செயின் கழன்று, அதைத் தானே மாட்டி, கையெல்லாம் கிறீஸ். சவுக்காரம் கண்ணிலும் காணக் கிடைக்காத நேரம். கை கழுவ, பெட்டிக்குள் பொத்தி வைத்திருந்த சவுக்காரத் துண்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைத் தேயாமல் பட்டும்படாமல் பாவித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

மழையைப் பற்றி அவள் கதைக்கவில்லை.

"ரீச்சர், எனக்குச் சுத்தி வளைச்சுக் கேக்கத் தெரியாது. சாதகம், காணி, உத்தியோகம் எல்லாம் பெரியாக்கள் பாத்திட்டினம். நான் ஒண்டு மட்டும் கேக்கிறன். அவர் கை நீட்டுவாரோ?"

நான் திகைத்துப் போனேன். விசாரிக்க வருகிற எவரும் இப்படிக் கேட்டதை நான் கேள்விப்பட்டதில்லை.

"ஏன் பிள்ளை அப்பிடிக் கேக்கிறீர்?"

"எங்கடை அப்பா அம்மாக்கு அடிக்கிறவர். சாகுமட்டும் அடிச்சவர். தங்கச்சி அதுக்குப் பயந்து கட்டிலுக்குக் கீழை படுத்து வளந்தவள். மற்றது எது எண்டாலும் அவள் சமாளிப்பாள், ரீச்சர்."

வேலிக்கு அந்தப் பக்கம் மாமி நின்றார். கிடுகு நீக்கலுக்குள்ளால் வெள்ளைச் சேலை தெரிந்தது. அவர் கேட்டுக்கொண்டு நின்றதால்தான் நான் சொல்லவில்லை என்று பிறகு எத்தனையோ தரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, மாமி அன்று நல்லூருக்குப் போயிருந்தாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"சீச்சீ. உவர் ஒரு பூனைக்குட்டிக்கும் அடிக்கமாட்டார்."

"உங்கடை தங்கச்சி எண்டால் குடுப்பியளோ?"

"கண்ணை மூடிக்கொண்டு குடுப்பன்."

எனக்குத் தங்கச்சி இல்லை.

அவள் பெரிய மூச்சு ஒன்று விட்டாள். தேத்தண்ணி குடித்தாள். இன்னும் ஐந்தாறு வீட்டில் கேட்கவேண்டும் என்று போனாள். எல்லா வீட்டிலும் அதே பதில்தான் கிடைத்திருக்கும். அவள் போன பிறகு என் கணவரிடம், "நான் சொன்னது பிழையோ?" என்று கேட்டேன். அவர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு எங்கடை முறை. இறைக்க வேணும்" என்று மட்டும் சொன்னார்.

கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை எங்கள் வழக்கப்படி பெண் வீட்டோடு போய்விட்டார். இணுவிலில் இருந்து சைக்கிளில் சங்கக்கடைக்கு வந்து போனார். வேலிக்கு அந்தப் பக்கம் அடங்கிவிட்டது. மாமி சாடையாகக் கொழுத்தார். பின்னேரத்தில் கோயிலுக்குப் போகத் தொடங்கினார். எங்கள் வெங்காயம் நன்றாக விளைந்தது. அந்த வருடம் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதை மறைத்து என்ன பிரயோசனம்? ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரு தீவினையைக் கட்டி இணுவிலுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகப் படுத்தோம்.

அடுத்த வருடம் கழிய முன்னம் மாப்பிள்ளை தன் சூட்கேசோடு தாய் வீட்டுக்குத் திரும்பி வந்தார். பெண்ணுக்கு மூளை சரியில்லை, அதை மறைத்துக் கட்டித் தந்துவிட்டார்கள் என்று சங்கக்கடையில் கதை பரவியது. நான் வாய் திறக்கவில்லை.

ஒரு மாதத்தால் அந்த அக்கா வந்தாள். இந்தமுறை நான் உள்ளே கூப்பிட்டும் வரவில்லை, படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தங்கச்சிக்கு இடது காது கேக்காது, ரீச்சர். பெரியாஸ்பத்திரியிலை ஒண்டும் செய்ய ஏலாதெண்டு சொல்லிட்டினம். மூண்டு மாசமா வயித்திலை இருந்ததும் இல்லை." அழவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கிற பிள்ளை மாதிரிச் சொன்னாள். "உங்களுக்குத் தெரியுமோ அவர் அடிக்கிறவர் எண்டு?"

"ஓம்" என்றேன்.

"முந்தியே தெரியுமோ?"

"ஓம்."

"பிறகேன் ரீச்சர்?"

கிணற்றுக்காக என்று சொன்னேன். வெங்காயத்துக்குத் தண்ணீர் வேண்டும், பிள்ளை, உவையின்ரை காணியாலைதான் நாங்கள் போக வேணும் என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். விளங்கிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"ஏழு வீட்டிலை கேட்டனான். ஒராள், ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் காணும்" என்றாள். பிறகு சைக்கிளில் ஏறினாள்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு செமிக்கவில்லை. மாமி வீட்டில் பழைய சத்தம் திரும்பத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் எனக்கு என்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. இனி ஒருவர் வந்து கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்வேன், வருவது வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன். கணவரிடமும் சொன்னேன். "பேசாமல் இரும்" என்றார்.

கேட்க ஆள் வந்தது. தென்மராட்சிப் பக்கத்து மனுசன், ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர், நெற்றி நிறையத் திருநீறு. மகளுக்கு முப்பத்துநாலு வயது, செவ்வாய்க் குற்றம், வந்த சாதகமெல்லாம் தட்டிப்போய் இதுதான் பொருந்தியதாம். இரண்டாந்தாரம் என்றாலும் காரியமில்லை என்றார். மழையைப் பற்றிக் கதைத்தார், தண்ணீர் குடித்தார், பெடியன் எப்படி என்று கேட்டார்.

"ஐயா, குடுக்காதேங்கோ" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். சைக்கிள் பம்பைச் சொன்னேன், மாமியின் கையைச் சொன்னேன், இணுவில் பிள்ளையின் காதைச் சொன்னேன். நான் முதல் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவருடைய முகம் வாடிக்கொண்டே போனது.

"உங்களுக்கும் அவையளுக்கும் ஏதும் கோபதாபமோ?"

"இல்லை ஐயா. இண்டைக்குக் காலமையும் அவையின்ரை முத்தத்தாலைதான் போய்த் தண்ணி அள்ளினனான்."

"மற்ற வீடுகளிலை ஒருத்தரும் உப்பிடிச் சொல்லேல்லைப் பிள்ளை."

"சொல்லமாட்டினம். என்னை நம்ப வேண்டாம், இணுவிலுக்குப் போய் அந்தப் பிள்ளையின்ரை வீட்டிலையே கேளுங்கோ." வீட்டுக்குப் போகிற வழியையும் சொன்னேன். அந்த அக்கா இருக்கிறாள், அவள் வாயால் கேட்டால் மனுசன் நம்பாமல் எங்கே போகப்போகிறார் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம். அவர் போன பிறகு, எத்தனையோ நாளுக்குப் பின் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

பாவம் மனுசன், அன்றைக்கே போகும் வழியில் மற்ற வீடுகளில், "ரீச்சர் இப்பிடிச் சொல்லுறா, மெய்யோ?" என்று கேட்டுக்கொண்டு போயிருக்கிறார். பொழுதுபட முன்னம் ஊருக்கே தெரிந்துவிட்டது. அடுத்தநாள் காலை நாங்கள் கிணற்றுக்குப் போகிற வேலிப் பொட்டு கருக்குமட்டையால் அடைக்கப்பட்டிருந்தது. வாய்க்காலுக்குள் மண் கொட்டியிருந்தது. உறுதியைத் தூக்கிக்கொண்டு நியாயம் கேட்க அந்த நேரம் எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

மாமி படலையில் வந்து நின்று திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அழுதார்.

"உன்னை என்ரை பிள்ளை போலை நினைச்சிருந்தன். அவன் கட்டிக்கொண்டு போனால்தான் எனக்கு உயிர் மிஞ்சும். அது உனக்குத் தெரியாதே?"

தெரியும்.

கோயில் கிணற்றிலிருந்து வாளியில் காவினோம். எத்தனை வாளி காவ? வெங்காயம் தாள் பழுத்துச் சரிந்தது. சங்கக்கடையில் என் கூப்பன் போகும்போது மட்டும் மண்ணெண்ணெய், "முடிஞ்சுது ரீச்சர்." மரியாதையாகத்தான் சொல்வார். ஆசிரியர் அறையில் நான் உள்ளே போனால் கதை நிற்கும். என் கணவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். தோட்டத்து வரம்பில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இவ்வளவும் வரும் என்று எனக்கு முதலே தெரியும், தாங்கிக்கொண்டேன். ஒரு பெட்டை தப்பினாளே என்று நினைத்துத்தான் ஒவ்வொரு வாளியையும் தூக்கினேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு காலை பக்கத்து வீட்டில் சனம். முற்றத்தில் வாழை கட்டியிருந்தது. தாலிக்குப் பொன்னுருக்குகிறார்கள் என்று பள்ளிக்கூடம் போக வெளிக்கிட்டபோது பார்த்தேன். பெண் வேறு ஊராக இருக்கும் என்று நினைத்தேன், நினைக்க விரும்பினேன். அப்போது அந்தத் தென்மராட்சி மனுசன் பட்டு வேட்டியோடு அந்த வீட்டிலிருந்து இறங்கி நேரே என் படலைக்கு வந்தார்.

"ஐயா, இணுவிலுக்குப் போகேல்லையோ?" என்றேன்.

"போனனான். தமக்கைக்காரியோடைதான் கதைச்சனான்." அவர் குரலைத் தாழ்த்தவில்லை, வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்றே கதைத்தார். "மாப்பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை, தங்களின்ரை பிள்ளைக்குத்தான் ஒத்துவரேல்லை எண்டு சொன்னா. காது சின்னனிலையே பழுதாம். அதுகள் நல்ல சனம். கடைசிப் பிள்ளைக்கும் இப்ப ஒரு இடத்திலை பேசுப்பட்டு வருதாம், அந்த நேரத்திலையும் ஒருத்தரைப் பற்றிக் கூடாமல் ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

கடைசிப் பிள்ளை ஒன்று அந்த வீட்டில் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். இணுவிலிலும் யாரோ வந்து பக்கத்து வீடுகளில் தண்ணீர் கேட்டுக் குடித்துக்கொண்டிருப்பார்கள். புருசன் அடித்து விட்டுப்போன அக்கா உள்ள வீடு என்று ஒரு பேச்சு எழும்பினால் சின்னவளின் கலியாணம் நின்றுவிடும். என் படலைக்கு வெளியே நின்று பிறகேன் ரீச்சர் என்று கேட்டவள், தன் முறை வந்தபோது என்ன செய்வாள்? அவள்மேல் எனக்குத் துளிக் கோபம் வரவில்லை. அழுகை வந்தது.

மனுசன் போகத் திரும்பினார். மனம் கேளாமல் மறுபடி வந்தார்.

"படிச்ச பொம்பிளை நீங்கள். பிள்ளையளுக்குப் புத்தி சொல்லுற ஆள். சொல்லுறன் எண்டு கோவியாதேங்கோ, உங்களைப் போலை ஆக்களாலைதான் பெட்டையளின்ரை வாழ்க்கை பாழாப் போகுது."

நான், "ஓம் ஐயா" என்றேன்.